பத்துக்கு மூணு

ஏப்ரல் 19, பாம்பன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஐந்தாம் நாள். 61 நாளைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மச்சான் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் ஒரு தடைக்காலம் இருந்தது. என் போன்ற மத்திய அரசு அதிகாரிகள் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலை பார்க்க அனுமதி வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்து கழித்துவிட்டேன். உளவுத் துறை ஆட்களுக்கு 2021-ல் இன்னொரு விதியும் வந்தது. துறை சம்பந்தமாக எதை வெளியிடுவதென்றாலும் தலைவரின் முன் அனுமதி வேண்டும். அதனால் இந்தக் குறிப்பில் பழைய கோப்பு எதுவும் வராது. தேடாதீர்கள்.

ஏப்ரல் 26

ஆலோசகர் ஆனபின் முதல் வேலை, ஒரு கப்பல் காப்பீட்டு நிறுவனத்துக்கு. அங்கிருக்கும் பையன் செயற்கைக்கோள் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். கச்சத்தீவை ஒட்டி ஏகப்பட்ட படகுகள். சிவப்பு வட்டம் போட்டு, ‘அசாதாரண நடமாட்டம்’ என்று ஒரு குறிப்பு. எடுத்தது மார்ச்சில்.

“அந்தோணியார் கோயில் திருவிழா தம்பி. ரெண்டு கரையிலிருந்தும் வருவாங்க” என்றேன்.

இதற்கும் பில் போடலாமா என்று யோசித்தேன். போட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி ஒரு படம் சாமானியன் கண்ணில் படாது. இன்று காசு கொடுத்தால் கிடைக்கிறது. கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தை ஏஐஎஸ் கருவி வழியாகத் தாமே ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகின்றன. அந்தோணியாரைத் தெரிந்த ஆளுக்குத்தான் இன்னும் தட்டுப்பாடு.

மே 3

துறையில் இருந்தபோது என்ன நடக்கிறது, என்ன நடக்கலாம் என்று எழுதிக்கொடுத்தால் நம் வேலை முடிந்தது. என்ன செய்வது என்பது மேலிடத்தின் பாடு. இந்தக் கம்பெனிக்காரர்களோ எடுத்த எடுப்பிலேயே “நாங்க என்ன செய்யட்டும்?” என்கிறார்கள்.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் பற்றி அறிக்கை கேட்டார்கள். 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் வந்து நின்றது, அதெல்லாம் தடையில்லாமல் எழுதிவிட்டேன். இனி என்ன என்ற இடத்தில் பழைய கை ‘வாய்ப்பை மறுப்பதற்கில்லை’ என்று எழுதிவிட்டது. அறிக்கை திரும்பி வந்தது.

அவர்கள் மேல் தப்பில்லை. 1951-ல் யூகோஸ்லாவியா தாக்கப்பட ‘கணிசமான சாத்தியம்’ உண்டு என்று அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று சொன்னது. அதில் பங்குபெற்ற ஷெர்மன் கென்ட், கூட இருந்து எழுதியவர்களிடமே அந்தச் சொல்லுக்கு என்ன கணக்கு என்று கேட்டிருக்கிறார். ஒருவர் மனதில் நூற்றுக்கு 20, இன்னொருவர் மனதில் 80. எல்லோரும் அதே வாசகத்துக்குத் தலையாட்டியவர்கள்.

மே 4

மச்சானுக்குச் சாயா வாங்கிக்கொண்டு கரைக்குப் போனேன். படகுக்கு அடியில் இருந்தபடியே கேட்டார்.

“தடை முடிஞ்சு மொத நாள் போறப்போ இலங்கை நேவி பிடிப்பானா மாப்ள? நீங்க டெல்லியில இதைத்தானே பார்த்தீங்க?”

“பிடிக்க வாய்ப்பு உண்டு மச்சான்.”

“போகச் சொல்றீங்களா, வேணாங்கிறீங்களா?”

கென்ட் நினைவுக்கு வந்தார். “பத்துக்கு மூணு” என்றேன். “பத்து போட்டு போனா மூணு மாட்டும்னு வச்சுக்குங்க.”

வெளியே வந்து சாயாவை வாங்கிக்கொண்டார்.

“எனக்கு இருக்கிறது ஒரு போட்டுதானே மாப்ள.”