தரைதட்டும் கடல்: தூத்துக்குடியில் மூன்று நாள்

முத்துநகர் எக்ஸ்பிரஸ் மணியாச்சியில் நின்றபோதே விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. அடுத்து தட்டப்பாறை என்று ஒரு சின்ன ஸ்டேஷன். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களைக் கப்பலேற்றும் முன் நிறுத்திவைத்த முகாம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்களுக்கு இந்தத் தண்டவாளம்தான். பெயர்ப்பலகையைப் படம் எடுக்கலாம் என்று போனைத் தேடுவதற்குள் வண்டி கடந்துவிட்டது.

ஸ்டேஷனில் நண்பன் காத்திருந்தான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். இருபது வருஷமாக இங்கே, துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. "மூணு நாள்ல என்னலே பாக்கப் போற?" என்றான். துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு ஒன்று சொன்னான்: "இங்க கடலுக்கு ஆழம் கிடையாது. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டுச் சுத்து. மத்ததெல்லாம் தானா புரியும்."

அப்போது அது பெரிய தத்துவமாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது.

முதலில் அவன் என்னைக் கூட்டிப்போனது கொற்கைக்கு. துறைமுகம் பார்க்க வந்தவனை வாழைத்தோட்டத்துக்கு நடுவில் இறக்கிவிட்டு, "இதுதான் பழைய துறைமுகம்" என்றால் எப்படியிருக்கும்? ஒரு குளம், கரையில் ஒரு முதிய வன்னி மரம், ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். பாண்டியரின் முத்துத் துறை, கிரேக்க மாலுமிகள் 'கொல்கோய்' என்று எழுதிவைத்த ஊர், இன்று கடலுக்கு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. பிறகு காயல் எழுந்தது, மார்க்கோ போலோ வந்துபோன இடம், அதுவும் தூர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதன்பின் வடக்கே நகர்ந்து தூத்துக்குடி. துறைமுகம் இந்தக் கரையில் நாடோடிபோலக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்திருக்கிறது.

தூத்துக்குடியில் வண்டல் தொல்லை இல்லை. ஆனால் கடல் தட்டையாக, கரையிலிருந்து வெகுதூரம்வரை ஆழமில்லாமல் கிடக்கும். நீராவிக் கப்பல் காலத்தில் கப்பல்கள் சில மைல் வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து கரைக்குச் சரக்கைக் கொண்டுவர தோணி, கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோகவும் தோணி. டபிள்யூ.ஜி.சி. ரோடு என்று ஊரே சொல்லும் கடைவீதியின் முழுப்பெயர் வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு. கரிசல் பருத்தி வண்டி வண்டியாக இறங்கிய பாதை. அந்தப் பொதியெல்லாம் கடைசியில் தோணி ஏறித்தான் கப்பலைத் தொட்டது. கப்பல் கிட்டே வரமுடியாத ஊர் என்பதாலேயே தோணிக்காரர்களுக்கு நூறு வருஷ வேலை கிடைத்தது.

இந்தக் கடல்வழி யாருடையது என்ற சண்டைதான் வ.உ.சி.யின் கதை. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, மொத்தம் 10 லட்சம். 'காலியா', 'லாவோ' என இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. எனக்கென்னவோ, கப்பலைச் சொல்லும் அளவுக்கு நாம் கோரல் மில்லைச் சொல்வதில்லை என்று ஒரு குறை. 1908 பிப்ரவரி கடைசியில் அந்தப் பஞ்சாலைத் தொழிலாளிகள் கூலிக்காகவும் வாராந்திர விடுமுறைக்காகவும் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. ஊரில் சவரத் தொழிலாளி ஒருவர், வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஆளைப் பாதி சவரத்தில் எழுப்பிவிட்டார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைது. கப்பலுக்கு முன்னால் நின்ற ஆளைவிட, மில் வாசலில் நின்ற ஆளைத்தான் வெள்ளைக்காரன் அதிகம் பயந்திருக்க வேண்டும்.

ஆழப் பிரச்சினைக்கு விடை கண்டது 1974இல். கடல் ஆழமில்லையென்றால் கரையைக் கடலுக்குள் கொண்டுபோய்விடலாம் என்று கல்லைக் கொட்டி, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டி, நடுவில் ஒரு செயற்கைத் துறைமுகத்தை உண்டாக்கினார்கள். 1974 ஜூலை 11இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் பழைய சிறுதுறைமுகத்தையும் அதோடு சேர்த்தார்கள். 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள்.

பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது, நானும் மெனக்கெடவில்லை. முயல் தீவுப் பக்கமிருந்து பார்த்தால் போதும். கிரேன்கள், நிலக்கரி மலைகள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், அத்தனைக்கும் கரி கப்பலில்தான் வருகிறது. வழியில் ஒரு காற்றாலை இறக்கை எங்களை மறித்தது. ஒரே ஒரு இறக்கை, ஒரு முழு லாரியையும் தாண்டி வால் நீட்டிக்கொண்டு, வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் ஆடியது. நண்பன் வண்டியை அணைத்துவிட்டுப் பொறுமையாகப் பட்டியல் போட்டான். திருப்பூர் பனியன் போகிறது, கரூர் பெட்ஷீட் போகிறது. வெளிநாட்டு மரத்தடி வருகிறது. ஊரைச் சுற்றி மரம் அறுக்கும் மில்கள். முந்திரிக்கொட்டை வந்து கொல்லத்துக்குப் போய் உடைபடுகிறது. காய்ந்த பூக்கள் போகின்றன, அலங்காரத்துக்கு. நிலாவரை இலை போகிறது. இந்தக் கடைசிச் சரக்கு எனக்குப் பிடித்துப்போனது. நம் பாட்டிகள் மலச்சிக்கலுக்குக் கொடுத்த அதே நிலாவரை, உலக மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரிலேயே விற்கிறது.

"ஆனா பாதிக்கு மேல கொழும்புக்குத்தான் போவுது" என்றான். இங்கிருந்து ஃபீடர் கப்பலில் கண்டெய்னர் ஒரு ராத்திரியில் கொழும்பு சேரும். அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா, அமெரிக்கா. "கொழும்புல நெரிசல்னா இங்க எனக்குத் தூக்கம் போயிரும். திருப்பூர்க்காரன் போன் மேல போன் போடுவான்." வ.உ.சி. கப்பல் விட்ட அதே வழி. ஆட்கள் போவதுதான் நின்றுவிட்டது. 2011 ஜூனில் கொழும்புக்கு ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள், நவம்பரோடு முடிந்தது. இன்னும் ஆழம் தேடி வெளித்துறைமுகம் ஒன்றுக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மதிப்பீடு 7,056 கோடி. இனிக் கல் இன்னும் தூரம் போகும்.

திரும்பும் வழியில் தாமிர ஆலையின் மதில் தெரிந்தது. தாதுவும் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு ஆலை மூடிக்கிடக்கிறது. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நண்பன், அந்த இடத்தைக் கடக்கும்வரை வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் உப்பளம். காலை ஆறு மணிக்கே போய்விட வேண்டும்; எட்டு மணிக்குமேல் கண் கூசும். தட்டையான நிலம், மழை குறைந்த ஊர், தோண்டினால் உவர்நீர், ஓயாத காற்று. கப்பலுக்கு ஆகாதது அத்தனையும் உப்புக்கு ஆகிவந்திருக்கிறது. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது இங்கேதான். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டுக்குமேல் தொப்பி. "மழை வந்தா எங்களுக்கு லீவு, சோத்துக்கும் லீவு" என்றார். ஐப்பசி தொடங்கி மூன்று மாதம் வேலை கிடையாது. அரசு இப்போது அந்தக் காலத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கேட்டேன். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. "அம்பாரம் அம்பாரமா வச்சிருந்த உப்பு, விடிஞ்சு பாத்தா தண்ணி. உப்பு எங்கிருந்து வந்துச்சோ அங்கயே போயிட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை திரேஸ்புரம். ஆழமில்லாத கடலின் அடியில் இருக்கும் பார் எனும் பாறைத்திட்டுகளில்தான் முத்துச் சிப்பி விளைந்தது. மூச்சடக்கி முங்கி எடுக்கும் ஆழம். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஊர் இன்னும் முத்துநகர். சங்குகுளி மட்டும் மிச்சம். இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் கைவளையாகிறது. அதே கடலடியில் இருந்த பவளப்பாறையை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். விளைவு, மன்னார் வளைகுடாத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் கரைந்து சுருங்கிப்போனது.

பனிமய மாதா கோவிலுக்குள் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். 1713இல் கட்டியது; 1982இல் பசிலிக்கா ஆனது. வெயில் கொளுத்தும் ஊரில் மாதாவுக்குப் பனியின் பெயர். சொரூபம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது ஊர் வழக்கு. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. சில வருஷங்களில் மட்டும் தங்கத்தேர் ஓடும். அன்று சாதி, மதம் பார்க்காமல் ஊரே வடம் பிடிக்கும் என்றான் நண்பன். கோவிலில் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்த அம்மாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, எழுவதற்கு முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெருமாள் கோவிலில் என் அம்மா செய்வதும் இதுவே.

ராத்திரி 'நைட் கிளப்'. பயப்பட வேண்டாம், இந்த ஊரில் பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர். சாயங்காலம் திறந்து நடுராத்திரிவரை கல்லில் எண்ணெய் கொதிக்கும். பொரித்த பரோட்டாவைச் சால்னாவில் பிய்த்துப் போட்டு, லாரி டிரைவர்களோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டேன். நான்கு உள்ளே போனது. ஐந்தாவதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

கடைசி நாள் காலை பழைய துறைமுகம். ஊருக்குள்ளேயே, பீச் ரோட்டில். கண்டெய்னர் கிரேன்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது வேறு நூற்றாண்டு. மரத்தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. இப்போது இன்ஜின் உண்டு, பாய்மரமும் உண்டு. புதிய துறைமுகத்தில் கப்பல்கள் சுவரையொட்டி நிற்கத் தொடங்கியதும் தோணிக்கு ஏற்றி இறக்கும் வேலை போயிற்று. 1983க்குப் பிறகு இலங்கைச் சண்டையில் கொழும்பு வழியும் அடைபட்டது. தோணி அதோடு முடிந்திருக்க வேண்டும். மாலத்தீவு காப்பாற்றியது. பெரிய கப்பல் சீண்டாத சின்னச் சரக்குக்கும் ஆழமில்லாத துறைக்கும் தோணிதான் தோது.

ஒரு தோணியில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கரையில் நின்று மேற்பார்வை பார்த்த பெரியவர் ஒரு தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். பதினைந்து வயதில் ஏறியவராம்.

"மாலிக்கு என்னென்ன போகும் ஐயா?"

"வெங்காயம், உருளை, காய்கறி, சிமெண்ட், செங்கல். அங்க என்ன விளையுது, எல்லாம் நாமதான் கொடுக்கணும்."

"வரும்போது?"

"பழைய இரும்பு கிடைச்சா ஏத்துவோம். இல்லைன்னா சும்மாதான்."

இதுதான் இந்த சீசனின் கடைசி நடைகளில் ஒன்று. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பலத்துவிட்டால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தோணி ஓடாது. கரையில் இழுத்துப்போட்டு, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, எண்ணெய் பூசிக் காத்திருக்க வேண்டும். பையன்கள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்களா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "எம்மவன் கப்பல்ல இருக்கான், துபாய் கம்பெனி" என்றார். பெருமையா வருத்தமா என்று குரலில் பிடிபடவில்லை. அதற்குள் அவர் பார்வை தோணியின் பக்கவாட்டில் நீர் ஏறியிருக்கும் கோட்டுக்குப் போய்விட்டது.

"இன்னும் அம்பது மூட்டை தாங்கும்ல" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு என் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார்.

"என்ன தம்பி வாங்குனீய?"

"மக்ரூன்."

முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்து அடித்துச் சுட்டு, சின்னக் கோபுரம்போல நிற்கும் பண்டம். வீட்டுக்கு இரண்டு பெட்டி வாங்கியிருந்தேன்.

"கடக்காத்து படாமப் பொத்தி வைங்க. ஈரம் பட்டா தொவண்டு போயிரும்" என்று சொல்லிவிட்டு மூட்டை எண்ணப் போனார்.