பின்னம் புரிந்ததா? ஐந்தாம் வகுப்பில் பார்த்தது

ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்து, "3/4 பகுதிக்கு வண்ணம் தீட்டுக" என்று கொடுத்தால் ஐந்தாம் வகுப்பில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் சரியாகத் தீட்டிவிடுவார்கள். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில் மதிப்பெண்ணும் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. மேலே இருக்கும் 3-ஐப் பார்த்து மூன்று துண்டை நிரப்பினால் போதும், கீழே இருக்கும் 4-ஐப் பார்க்கவே வேண்டாம். பிரிக்கும் வேலையைத்தான் நாமே செய்து கொடுத்துவிட்டோமே.

அதனால் இந்த ஆண்டு பின்னப் பாடம் நடத்தும்போது கேள்விகளை நானே தயாரித்தேன். மற்றவர்கள் பயிற்சித்தாள் செய்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, சில நிமிடங்கள் பேசிப் பார்த்தேன். விடை எதுவாக இருந்தாலும் "எப்படிச் சொல்றே?" என்று ஒரு கேள்வி உண்டு. சரியான விடைக்கும் அதே கேள்வி, அதே குரலில். இது முக்கியம். தப்பாகச் சொன்னால் மட்டும் "எப்படி?" என்று கேட்டால், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து உடனே விடையை மாற்றிவிடுவார்கள்.

முதலில் எண்கோடு. 0-இலிருந்து 1 வரை மட்டும் கோடு போட்டு 3/4 எங்கே என்று கேட்டால் ஓரளவு எல்லோரும் குறித்துவிடுகிறார்கள். நான் 0-இலிருந்து 5 வரை போட்டுக் கொடுத்தேன். பல பேர் 3-க்கும் 4-க்கும் நடுவில் புள்ளி வைத்தார்கள். "மூணும் நாலும் இங்கேதானே டீச்சர் இருக்கு" என்று விளக்கமும் வந்தது. அவர்கள் கண்ணுக்கு 3/4 என்பது ஓர் எண்ணாகத் தெரியவில்லை, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு எண்கள். 1/2 + 1/3 = 2/5 என்று போடுவதற்கும் வேர் இதுதான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். 1978-இல் அமெரிக்க தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம், 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்று விடைகள் கொடுத்திருந்தார்கள். இரண்டு பின்னமும் கிட்டத்தட்ட ஒன்று என்று பார்த்து 2-ஐத் தேர்ந்தெடுத்தவர்கள் நான்கில் ஒரு பங்கு பேர்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19-ஐயோ 21-ஐயோ தேர்ந்தெடுத்தார்கள்; மேலே இருப்பவற்றைக் கூட்டினால் 19, கீழே இருப்பவற்றைக் கூட்டினால் 21. ஊர் எதுவானாலும் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்றுதான்.

அடுத்தது எது பெரியது என்ற கேள்வி. "கால் கிலோ தக்காளி அதிகமா, அரை கிலோ அதிகமா?" என்று வாயால் கேட்டால் ஒருவர்கூடத் தவறுவதில்லை. அதையே 1/4, 1/2 என்று எழுதிக் காட்டினால் சிலர் 1/4 என்கிறார்கள். கடையில் இருக்கும் கணக்கும் நோட்டில் இருக்கும் கணக்கும் அவர்களுக்கு இன்னும் ஒட்டவில்லை. எழுதியதைக் காட்டி "இதைத்தான் கால்னு சொல்றோம்" என்று நினைவுபடுத்தியதும் பாதிப் பேர் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் சரியாகச் சொன்னவர்கள். 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்றால் 1/3 என்று டக்கென்று சொல்வார்கள். காரணம் கேட்டால், "கீழே சின்ன நம்பர் இருந்தா அதுதான் பெரிசு." அதோடு விட்டிருந்தால் டிக் போட்டிருப்பேன். உடனே 2/3, 3/4 கொடுத்தால் அதே விதிப்படி 2/3 என்கிறார்கள். வேறு சிலர் இரண்டும் சமம் என்கிறார்கள். இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைகிறதாம். அந்த ஒரு துண்டு எவ்வளவு பெரியது என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஒரு பையன் மட்டும் கொஞ்ச நேரம் விரலால் மேசையில் கோடு இழுத்துவிட்டு, "இதுல கால் குறையுது, அதுல மூணுல ஒண்ணு குறையுது. கால் சின்னது, அப்போ முக்கால்தான் பெரிசு" என்றான். இரண்டு பின்னத்துக்கும் கீழே ஒரே எண் வரும்படி மாற்றும், பொதுப் பகுதி கண்டுபிடிக்கும் முறையை நான் அதுவரை நடத்தியிருக்கவில்லை. பின்னம் புரிந்த பிள்ளைக்கு அந்த முறை இல்லாமலேயே வழி கிடைக்கிறது.

சம பாகம் என்பது எந்த அளவுக்கு மனதில் பதிந்திருக்கிறது என்று பார்க்க, ஒரு செவ்வகத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் வரைந்து கொடுத்தேன். நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மேலும் கீழும் இருப்பவை ஒரு மாதிரி, பக்கவாட்டில் இருப்பவை வேறு மாதிரி. ஒவ்வொன்றும் கால் பாகமா? பெரும்பாலானவர்கள் "இல்லை, வடிவம் வேற" என்றார்கள். ஆமாம் என்றவர்களில் பலர் நான்கு துண்டு இருப்பதாலேயே அப்படிச் சொன்னார்கள். தமிழ் வாசிப்பில் திணறும் ஒரு பெண், எழுத்துத் தேர்வில் வாக்கியக் கணக்கு வந்தாலே தாளை மூடி வைத்துவிடுகிறவள், கத்தரிக்கோல் கேட்டாள். நான்கையும் வெட்டினாள். மேல் முக்கோணத்தை நடுவில் மடித்து இரண்டாக வெட்டினாள், பக்கத்து முக்கோணத்தையும் அதேபோல. ஒரு பாதியைத் திருப்பி மற்றதன் மேல் வைத்ததும் அச்சாகப் பொருந்தியது. "சமம்தான் டீச்சர், ஆளுக்குக் கால்." அவளுக்கு இதுவரை பின்னத்தில் வந்த மதிப்பெண் எல்லாம் அவளுடைய வாசிப்புக்குப் போட்ட மதிப்பெண்தான், கணக்குக்குப் போட்டது அல்ல என்று அன்றைக்கே அவள் பெயருக்கு நேரே எழுதி வைத்தேன்.

புளியங்கொட்டை வைத்தும் பார்த்தேன். பன்னிரண்டு கொட்டையில் 2/3 பங்கு எடு என்றால், சிலர் மூன்று குவியலாக்கி இரண்டு குவியலை எடுத்தார்கள். சிலர் மூன்று மூன்றாக வரிசை வைத்து ஒவ்வொன்றிலும் இரண்டை எடுத்தார்கள். இரண்டிலும் எட்டுதான் வரும். எந்த வழியில் போனார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நோட்டில் மதிப்பெண் எதுவும் போடவில்லை. பெயருக்கு நேரே, சொன்ன காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன். அதை வைத்துத்தான் அடுத்த வகுப்புகளுக்குக் குழு பிரித்தேன். இரண்டு எண்களாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரே நீளக் காகிதப் பட்டைகளை மடித்து, அதையே எண்கோட்டின் மேல் வைத்துப் பார்க்கும் வேலை. "கீழே சின்னது என்றால் பெரிசு" என்கிறவர்களுக்கு, அந்த விதி உடைகிற ஜோடிகளாகப் பார்த்துக் கொடுத்தேன். பட்டை வேலை நன்றாகப் பலன் தந்தது. 5/4-ஐ எண்கோட்டில் குறிக்கச் சொன்னபோது முன்பு தடுமாறியவர்களில் பலர் 1-ஐத் தாண்டிப் போய்ப் புள்ளி வைத்தார்கள்.

இன்னும் சிரமமாக இருப்பது தலைகீழ்க் கேள்விதான். ஒரு பட்டையைக் கொடுத்து, "இது 3/4. முழுசை வரைந்து காட்டு" என்றால் நாலைந்து பேர் அந்தப் பட்டையையே நான்காகப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். மூன்றாகப் பிரித்து, அதில் ஒன்றின் அளவைக் கூடச் சேர்க்க வேண்டும் என்பது பிடிபடவில்லை. அவர்களுக்கு முதலில் 1/2, 1/3 துண்டுகளைக் கொடுத்து முழுசை வரையச் சொல்லி, அப்புறம் 2/3-க்குப் போகலாம் என்று இருக்கிறேன்.