"காணும்" என்று சொல்லப் பழகிய பிள்ளை

மகளுக்கு மூன்று வயது முடிந்த ஆவணி மாதம், சின்னமுத்து வராமல் தடுக்கிற எம்.எம்.ஆர். இரண்டாவது ஊசி போடக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். ஊசிக்கு முதல் நிறை பார்த்தார்கள். 11.4 கிலோ. கிளினிக்கில் நிறை பார்க்கிற மிஸ் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பூச்சி மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோமா என்று மட்டும் கேட்டுவிட்டு, வளர்ச்சிக் கொப்பியில் புள்ளி வைத்தார். இரண்டு வயது வரைக்கும் மாதாமாதம் நிறை பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். அந்த மூன்று மாத இடைவெளியில் நாங்களும் கொப்பியை மறந்துவிடுகிறோம்.

கார்த்திகையில் திரும்பப் போனபோது 11.3.

மூன்று மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை, நூறு கிராம் இறங்கியிருந்தது. மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு நடு அளவு 13.9 கிலோ. எங்கள் பிள்ளையின் புள்ளி கொப்பியின் இளம்பச்சையின் அடியில், நிறை குறைவைக் காட்டும் செம்மஞ்சள் தொடங்கும் கோட்டுக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. வெளியில் மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் மிஸ் சொன்னது எனக்கு முதலில் கேட்கவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுத் திரும்பக் கேட்டார்.

"பிள்ளை எப்பிடிச் சாப்பிடுறவா?"

உள்ளதைச் சொன்னேன். போனில் காட்டூன் போட்டு முன்னால் வைத்தால் வாயைத் திறப்பாள். அம்மம்மா ஊட்டுவார். முக்கால் மணித்தியாலம் ஆகும். போனை எடுத்தால் வாயை மூடிவிடுவாள். சோறு குறைந்தால் சூப்பிப் போத்தலில் பால் கரைத்துக் கொடுப்போம், ஒரு நாளைக்கு நாலு போத்தல்.

"போதுமெண்டா பிள்ளை எப்பிடிச் சொல்லுவா? காணும் எண்டு சொல்லுவாவோ?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை. கோழிக்குப் பெயர் வைப்பாள், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அப்பா வருகிறாரா வேறு யாருமா என்று சொல்லுவாள். ஆனால் சாப்பாட்டில் "காணும்" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் சொல்ல நாங்கள் இடம் வைக்கவில்லை. கோப்பை வெறுமையானால்தான் சாப்பாடு முடியும்.

மிஸ் சொன்னது இவ்வளவுதான். என்ன சமைக்கிறது, எத்தனை மணிக்குக் கொடுக்கிறது, எங்கே இருந்து சாப்பிடுகிறது என்பது எங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுகிறது என்பது பிள்ளையின் வயிற்றின் பொறுப்பு. பாலை இரண்டு பேணியாகக் குறைக்க வேண்டும், போத்தலில் இல்லாமல் பேணியில். "வயித்தைப் பால் நிரப்பினாச் சோத்துக்கு எங்க இடம்? பால்ல இரும்புச்சத்தும் காணாது." ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் விட வேண்டும், நடுவில் பிஸ்கற் இல்லை, தண்ணீர் மட்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் சாப்பாட்டுக்கு முன்னால் இருத்தி வைக்கக் கூடாது. போன் அறவே இல்லை.

கேட்கும்போது எல்லாம் சுகமான காரியமாகத்தான் இருந்தது. வீட்டில் அம்மா இருக்கிறார் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2009 இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நாங்கள் தள்ளிக்கொண்டு போனபோது எனக்குப் பதினைந்து வயது, தம்பிக்கு நாலு. அம்மா ஒரு சின்னச் சட்டியோடு கஞ்சி கொடுக்கும் இடம் தேடி நடப்பார். அரிசியும் தண்ணீரும்தான், சில நாள் உப்பும் இல்லை. அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவன் இன்னும் கேட்டால் பேசாமல் இருப்பார். கொடுக்க இல்லாமல் போனதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பி இன்றைக்குக் கொழும்பில் வேலை செய்கிற ஆள். ஆனாலும் லீவில் வந்தால் அவன் கோப்பையில் அம்மா கேளாமலே இரண்டாம் தரம் சோறு போடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், "பிள்ளை வேண்டாம் என்றால் விடுங்கோ, அடுத்த நேரம் வரைக்கும் ஒன்றும் கொடுக்காதேங்கோ" என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். அம்மா அடுப்படியை விட்டுத் திரும்பாமலே, "என்ர கண்ணுக்கு முன்னால ஒரு பிள்ளை பசியோட படுக்கிறதை நான் இனிப் பாக்க மாட்டன்" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் கதைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இவர்தான் கதைத்தார். மருமகன் சொன்னால் அம்மா கொஞ்சம் இறங்கிக் கேட்பார். "மாமி, ஒரு மாதம் பாப்பம். நிறை இன்னும் குறைஞ்சா நீங்கள் சொல்லுறதைத்தான் செய்வம்." அம்மா சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த நாள் காலை மிஸ்ஸைக் கண்டு கதைக்க வேண்டும் என்று தானே குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அங்கே இருவரும் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து, "சனிக்கிழமை தொடங்குங்கோ" என்றார்.

அதற்கு முதல் கிழமையே போத்தலை நிறுத்தினேன். அது நினைத்ததைவிட இலகுவாக முடிந்தது. அப்பப்பாவின் பழைய மூக்குப்பேணியைக் கழுவிக் கொடுத்தோம், அந்த மூக்கில் குடிக்கிற ஆசையில் போத்தலை இரண்டே நாளில் மறந்தாள். போன் அப்படி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாருடைய போனும் சாமித்தட்டுக்கு மேலே போகும் என்று முடிவெடுத்தோம். எல்லாருடையதும். இவருக்கு உர விஷயமாக, தண்ணீர் முறை விஷயமாக அழைப்பு வந்துகொண்டே இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பியிருக்கிற ஊரில் போனை எடுக்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் அரை மணித்தியாலம் அது மேலே கிடந்து அடிக்கட்டும் என்று விட்டார்.

முதல் நாள் மத்தியானம் மகள் குசினி நிலத்தில் புரண்டு அழுதாள். கோப்பையைத் தள்ளிவிட்டாள், சிந்திய சோற்றைக் கோழி வந்து கொத்தியது. நான் எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன். நாலு மணிக்கு வாழைப்பழமும் அவித்த முட்டையும் கொடுத்தோம். பழத்தில் பாதி சாப்பிட்டாள். இரவு இரண்டு வாய் இடியப்பம். அன்று இரவு அம்மா படுக்கவில்லை. மூன்று தரம் எழும்பி வந்து பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நானும் நித்திரை போல்தான் கிடந்தேன். இரண்டாம் நாளும் அதே கதை, அழுகை மட்டும் கொஞ்சம் குறைவு.

மூன்றாம் நாள் பின்னேரம் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மகள் போய்ப் பக்கத்தில் குந்தினாள். திருவலைப் பல்லில் இருந்து பூப்பூவாக விழுகிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டாள். அம்மா கையை நிறுத்தவில்லை, பார்க்காதது போல் துருவினார். இன்னொரு கிள்ளு. பிறகு புட்டு அவிக்க நீத்துப்பெட்டியை எடுத்தபோது, "நான் போடுறன்" என்றாள். அம்மா மாவைப் போட, இவள் தேங்காய்ப்பூவைப் போட்டாள். அவள் கை அளவுக்கு ஒரு பிடி என்றால் எவ்வளவு? ஆனால் ஒவ்வொரு பிடியையும் எண்ணி எண்ணிப் போட்டாள். கண் இமையில்கூட மா ஒட்டியிருந்தது. அவிந்த புட்டைக் கொட்டியதும் ஆவி பறக்கப் பறக்க, "இது என்ர புட்டு" என்று கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். கதலிப்பழத்தைப் பிசைந்து, ஐந்து விரலாலும் அள்ளி, பாதி வாய்க்குள், பாதி சட்டையில். ஊட்டக் கையைக் கொண்டுபோன அம்மா, நான் பார்த்ததும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்சம் சாப்பிட்டபின் மகள் கோப்பையைத் தள்ளினாள்.

"காணுமோ?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "காணும்."

அதன் பிறகு சமையலில் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்கத் தொடங்கினோம். முருங்கையிலை உருவுவது, சுளகில் பயறு புடைக்கும்போது கல் பொறுக்குவது, சோற்றுக்கு அரிசி அளந்து போடுவது. தான் கை வைத்த கறியைக் கட்டாயம் ருசி பார்த்தாள். குளத்து ஜப்பான் மீனை மட்டும் இன்றைக்கும் தொடுவதில்லை, முள் பயம். வற்புறுத்தவில்லை. எல்லாரும் நிலத்தில் பாய் போட்டு ஒன்றாக இருந்து சாப்பிட்டது இன்னொரு பெரிய மாற்றம். முந்தி அவளுக்கு முதலில் ஊட்டி முடித்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். ஆட்கள் சாப்பிடுகிறதைப் பார்க்காமல் ஒரு பிள்ளை எப்படிச் சாப்பிடப் பழகும் என்று நான் யோசித்ததே இல்லை.

எல்லாம் நேராகப் போகவில்லை. மார்கழி மழையில் காய்ச்சல் வந்து ஐந்து நாள் ஒன்றும் இறங்கவில்லை. நானே போனை இறக்கிக் கொடுத்து, அதைப் பார்க்கும் நேரத்தில் கஞ்சி பருக்கினேன். காய்ச்சல் மாறியபின் திரும்ப முதல் நாள் அழுகையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் இந்தத் தரம் ஒன்றரை நாளில் அடங்கியது. அந்த நேரம் பயந்துபோய் ஒரு மருந்துக்கடையில் பசி எடுக்கிற சிரப் ஒன்றும் வாங்கினேன், யாரையும் கேட்காமல் எடுத்துத் தந்தார்கள். மிஸ்ஸிடம் காட்டியபோது, டொக்டர் எழுதாமல் இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்கள் பிள்ளைக்கும் நிறை ஏறவில்லை என்றால் முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். எங்கள் பிள்ளைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று பார்த்துச் சொன்னபிறகுதான் நாங்கள் இதைத் தொடங்கினோம்.

தையில் முன்பள்ளி தொடங்கியது. அங்கே கிழமைக்கு ஒரு அட்டவணை: ஒருநாள் அவித்த பயறு, ஒருநாள் கடலை, ஒருநாள் ரொட்டியும் சம்பலும், ஒருநாள் கீரையோடு சோறு, ஒருநாள் பழம். பிஸ்கற் கொண்டுவரக் கூடாது என்று ரீச்சர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். பத்து மணிக்குக் கை கழுவி வரிசையாக இருந்து, இருபது பிள்ளைகள் ஒன்றாகப் பெட்டி திறக்கிற சத்தத்தை ஒருநாள் வாசலில் நின்று கேட்டேன். பக்கத்துப் பிள்ளை சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்துத் தானும் சாப்பிட்டாள். வீட்டில் மாதக்கணக்கில் நாங்கள் பட்ட பாட்டில் பாதியை அந்த வரிசை தன்பாட்டில் செய்துவிட்டது.

போனை முற்றாக நிறுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னதை மிஸ்தான் சொன்னார். பின்னேரம் அரை மணித்தியாலம் பார்க்கிறாள், என் தம்பியோடு வீடியோவில் கதைக்கிறாள். சாப்பாட்டோடு மட்டும் அது சேர்வதில்லை.

மாசியில் 11.9. வைகாசியில் 12.8. இன்னும் இளம்பச்சைதான், ஆனால் கோடு மேலே போகிறது. இப்போது பாலைப்பழக் காலம். காட்டுக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தால், பால் ஒட்டி உதடு இரண்டும் பிசின் போல ஆகும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்க முடியாமல் என்னிடம் ஓடி வருகிறாள். நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட வேண்டும்.

வைகாசி நிறை பார்த்த அதே கிழமை, மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். எங்கள் சந்தியில் பொடியள் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி, போகிற வருகிற எல்லாருக்கும் சிரட்டையில் கொடுத்தார்கள். அம்மா அன்றைக்கு அந்தக் கஞ்சி குடிக்கும் வரைக்கும் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்க மாட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். ஒரு சிரட்டையை வாங்கி அம்மா முதலில் பிள்ளையின் கையில் கொடுத்தார். சூடு ஆற ஊதி ஊதிக் குடித்தாள். பாதி குடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"காணும், அம்மம்மா."

எனக்கு நெஞ்சு இறுகியது. மற்ற எந்த நாளிலும் சரி, இந்த நாளில், இந்தக் கஞ்சியை மிச்சம் விட அம்மா சம்மதிப்பாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா சிரட்டைக்குள் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்து அதை வாங்கி, மிச்சத்தைத் தான் குடித்தார். குடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார்.