கொலராடோவில் எல்க் வேட்டை: வெளிமாநிலத்தானாக 2025-ல் லைசென்ஸ் வாங்கிய அனுபவம்

2024 வரைக்கும் இது பெரிய வேலையே இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் ஆன்லைனில் பணம் கட்டினால் போதும், கொலராடோவில் வில்லால் எல்க் மான் வேட்டையாட லைசென்ஸ் வந்துவிடும். மேற்குப் பக்கத்தின் பல யூனிட்டுகளில், அதாவது வேட்டைக்காகப் பிரித்த பகுதிகளில், எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம். நான் டாலஸில் இருக்கிறேன். 2022-லும் 2024-லும் அப்படித்தான் வாங்கி, டெனவர் வரை 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, அங்கே அண்ணனை ஏற்றிக்கொண்டு ஃப்ளாட் டாப்ஸ் மலைக்குப் போனேன். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. சிவகங்கைப் பக்கத்துக்காரர், டெனவரில் பல வருடங்களாக இருக்கிறார், எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

ஏன் வில் என்று பலர் கேட்கிறார்கள். வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கும் உண்டு. அந்தச் சிக்கலுக்குள் போகவே வேண்டாம் என்று வில்லை எடுத்தேன். கிரீன் கார்டு வந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை.

2024-ல் மாநில வனவிலங்கு ஆணையம் ஒரு முடிவு எடுத்தது. 2025 முதல் இன்டர்ஸ்டேட் 25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தார் வில் வேட்டைக்கு எல்க் லைசென்ஸை நேராக வாங்க முடியாது, குலுக்கலில்தான் வாங்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குப் பழைய முறையே தொடரும். அதாவது அண்ணன் கடைக்குப் போய் 60, 70 டாலருக்குள் வாங்கி வந்துவிடுவார். நான் 800 டாலருக்கு மேல் கட்டத் தயாராக இருந்தும் பெயர் விழுகிறதா என்று காத்திருக்க வேண்டும்.

செய்தி வந்த அன்று கோபம்தான் வந்தது. தேசியக் காடு மத்திய அரசின் நிலம், என் வரியும் அதில் இருக்கிறது, என்னை எப்படி ஒதுக்கலாம் என்று அண்ணனிடம் போனில் கத்தினேன். அவர், "தம்பி, நிலம் எல்லாருக்கும். மான் மாநிலத்துக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-லேயே பார்த்திருக்கிறது. மொன்டானாவில் உள்ளூர்க்காரர் 9 டாலரில் எல்க் வேட்டையாட முடிந்தபோது வெளியார் 225 டாலர் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். பொழுதுபோக்கு வேட்டை எல்லா மாநிலத்தவருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டிய அடிப்படை உரிமை அல்ல என்பதே தீர்ப்பு. பக்கத்து வயோமிங் இன்னும் கடுமை. அங்கே மூஸ் எனும் பெரிய மான், மலையாடு போன்றவற்றின் டேக்குகளில், அதாவது ஒரு விலங்கை வேட்டையாடும் அனுமதிச் சீட்டுகளில், வெளியாருக்கு 10 சதவீதம்தான் என்று 2023 முதல் குறைத்துவிட்டார்கள். வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் வெளியார் பெரிய விலங்குகளை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ கட்டாயம்.

படித்ததை விடவும் 2024 செப்டம்பரில் நானே பார்த்தது மனதை மாற்றியது. நாங்கள் ஏறும் பாதையின் தொடக்கத்தில் அன்று 11 வண்டிகள் நின்றன, அதில் 8 வெளிமாநில நம்பர் பிளேட். ஒரு ஓடைக்கரையில் ஆண் எல்க்கின் கூவல் கேட்டு ஒரு மணி நேரம் ஊர்ந்து போனோம். கூவியது மானே இல்லை, ஊதுகுழல் வைத்திருந்த இன்னொரு வேட்டைக்காரர். அவரும் எங்கள் சத்தத்தை மான் என்று நினைத்துத்தான் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அம்பு நாணில் இருக்கும்போது இப்படி இருவர் சந்திப்பது நல்லதல்ல. அந்த நெரிசலில் நானும் ஒருவன்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதலில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கொலராடோ இதைக் கேட்கிறது. டெக்சஸ் சான்றிதழையே ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து, குலுக்கலில் சேரவே ஒரு தகுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். சிறு விலங்கு வேட்டைக்கான ஆண்டு லைசென்ஸ் அதில் ஒன்று, வெளியாருக்கு 100 டாலரை ஒட்டி வரும். குலுக்கலில் விழாவிட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. பலர் இதைக் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகு வேட்டைக் குறியீடு. எந்த விலங்கு, ஆணா பெண்ணா, எந்த யூனிட், எந்தப் பருவம், எந்த ஆயுதம் என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி. ஒரு எழுத்து மாறினால் துப்பாக்கிப் பருவத்துக்கு விண்ணப்பித்துவிடுவோம். நான்கு தேர்வுகள் வரை போடலாம். குலுக்கலில் முதல் தேர்வு விழாதபோது சேரும் முன்னுரிமைப் புள்ளியை அதிகம் வைத்திருப்பவருக்கே முதல் தேர்வில் முதலிடம். நேராக லைசென்ஸ் வாங்கியே பழகியதால் என்னிடம் புள்ளி பூஜ்யம். பழைய குலுக்கல் முடிவுகளைத் துறை வெளியிடுகிறது, ஆனால் வெளியாருக்கான இந்தக் குலுக்கல் அப்போது புதிது, பார்க்க வரலாறே இல்லை.

நான்கு வார இறுதிகள் வரைபடமும் கையுமாக இருந்தேன். கடைசியில் அண்ணன் சொன்ன வழி: மனதுக்குப் பிடித்த யூனிட்டை முதல் தேர்வாகப் போடு, ஆள் போகத் தயங்கும் செங்குத்தான இடத்தை இரண்டாவதாகப் போடு. முதல் தேர்வு விழாவிட்டால் ஒரு புள்ளி சேரும். இரண்டாவதில் லைசென்ஸ் கிடைத்தாலும் அந்தப் புள்ளி போகாது. எல்லாக் குழப்பத்துக்கும் நடுவில் எனக்குத் தெளிவாகப் புரிந்த நல்ல செய்தி இதுதான். 2025-ல் ஏப்ரல் 1, மலை நேரப்படி இரவு 8 மணிக்குள் முடிக்க வேண்டியிருந்தது. மார்ச் கடைசி வாரத்திலேயே முடித்துவிட்டேன்.

மே கடைசியில் முடிவு வந்தது. முதல் தேர்வு இல்லை, இரண்டாவது கிடைத்தது. குதித்தேன். மறுநாள் பார்த்தால் என் கார்டிலிருந்து லைசென்ஸ் பணம் போகவில்லை. 800 டாலருக்கு மேல் திடீரென்று வெளிமாநில அரசுத் துறைக்குப் போவதைப் பார்த்து வங்கி மோசடி என்று தடுத்திருந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாவிட்டால் டேக் கைவிட்டுப் போகும். வங்கியில் மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசி, தடையை எடுக்கச் சொல்லி, நானே உள்ளே நுழைந்து கட்டினேன். விண்ணப்பித்ததும் வங்கிக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கார்டு ஜூன் வரை காலாவதியாகாதா என்றும் பாருங்கள்.

ஊரில் அம்மாவுக்கு இதெல்லாம் வருத்தம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை பொதுவாகக் குற்றம், அவருக்கு வேறு வேட்டை தெரியாது. நான் கட்டும் லைசென்ஸ் பணமும், வில்லுக்கும் அம்புக்கும் நான் கொடுக்கும் வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகின்றன என்று சொன்னேன். சமாதானம் ஆனாரா தெரியாது, ஜாக்கிரதை என்றார்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் போனோம். பாதை முகப்பில் எங்கள் வண்டியோடு சேர்த்து மூன்றே வண்டிகள். ஆறாம் நாள் காலை ஆஸ்பென் மரங்களுக்குள் நிஜக் கூவல் கேட்டது. 60 கஜத்தில் ஆண் எல்க் நின்றது. என் வில்லுக்கு 40 கஜத்துக்கு மேல் நான் எய்வதில்லை. காற்று திரும்பியது, அது போய்விட்டது. அண்ணன் என் தோளைத் தட்டினார். அன்று முழுக்க அந்தப் பள்ளத்தாக்கில் வேறு ஒரு மனிதக் குரல்கூடக் கேட்கவில்லை.

இப்போது என் கணக்கில் ஒரு புள்ளி இருக்கிறது. அடுத்த குலுக்கலுக்கும் அதே யூனிட்டைத்தான் இரண்டாம் தேர்வாகப் போடப்போகிறேன்.