சைலன்சர் வழக்கில் டெசிபல் மீட்டர் எதற்கு?

பைக்கில் வெளிச் சைலன்சர் மாட்டியவர்கள், "எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) வரைக்கும் விடுவாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். இருசக்கர வாகனத்துக்கு 80 சிசி வரை 75, 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80 டெசிபல். 2005 ஏப்ரலில் வந்த வரம்பு. ஆனால் இது தயாரிப்பாளருக்கானது. சோதனைத் தடத்தில் 20 மீட்டர் தூரத்துக்கு ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகி ஓட்டுவார்கள். பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக் இருக்கும்.

குழாய் வாயருகே மொபைலை நீட்டி, "95 காட்டுது" என்று பதறுவதில் அர்த்தமில்லை. தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். அரை மீட்டரிலிருந்து 7.5 மீட்டருக்குப் போனால் 23 டெசிபல் போல இறங்கிவிடும். சைட் ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்குவதும் சுமையோடு ஓடுவதும் வேறு வேறு. ஆப் காட்டும் எண்ணை வைத்து வாதாடவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது.

சாலையில் பிடிக்கும் போலீஸுக்கு மீட்டர் தேவையே இல்லை. கம்பெனி சைலன்சரா, வெளியே வாங்கியதா என்று பார்த்தாலே போதும். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி விதியை மீறினால் 190(2): முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு. பொல்யூஷன் சர்டிபிகேட்டை நீட்டிப் பயனில்லை. அது புகையைத்தான் அளக்கிறது.

"டிபி கில்லர் போட்டிருக்கேன் சார்" என்பது அடுத்த சமாதானம். அது குழாய் முனையில் ஒரே ஆலன் போல்ட்டில் நிற்கும் சின்னத் துளைக்குழல். கழற்ற இரண்டு நிமிடம். போட்டே வைத்திருந்தாலும் மாற்றம் மாற்றம்தான். உள்ளே சுற்றிய கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) கருகிப்போனால் அதுவும் சத்தத்தை அடக்காது.

ஒரிஜினல் சைலன்சரே திடீரென்று 'பட் பட்' என்றால் முதலில் குழாய் இன்ஜின் ஹெட்டில் சேரும் இடத்து கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் வளையம்) பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஈரத்துணியால் குழாய் வாயைச் சில நொடி மட்டும் அடையுங்கள். இணைப்பில் 'புஸ்' என்று கேட்டாலோ கரி படிந்திருந்தாலோ அங்கேதான் கசிவு. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் மறுபடி கசியும்.