மெட்ரிக்கும் ஷோடானும் ஒரே ஆண்டில் வந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் ஆகட்டும், ஃபீனிக்ஸ் ஆகட்டும், கராத்தே வகுப்பில் பத்து வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கூட்டம் கரைவது பதினேழு வயதில், பள்ளி இறுதி ஆண்டான மெட்ரிக்கில். ‘மெட்ரிக் முடியட்டும், ஒரு வருஷம் நிறுத்தி வை’ என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் முடிவதே இல்லை. நிறுத்தாமலே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஷோடான் (முதல்நிலைக் கறுப்புப் பட்டை) தேர்வு எந்த மாதத்தில், பயிற்சியில் எதைக் குறைப்பது என்ற இரண்டையும் ஜனவரியிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இறுதித் தேர்வுக்கு முந்தைய பள்ளித் தேர்வான பிரிலிம் ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிறது. இறுதித் தேர்வு அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரை விழுங்கிவிடும். ஆகவே கறுப்புப் பட்டைத் தேர்வை ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடுங்கள். செப்டம்பரில் நடக்கும் பட்டைத் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதுதான் மோசமான முடிவு.

தள்ளிப் போட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற பயம் தேவையற்றது. ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் காத்தாவில் (தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொடர்) முதல் உலகப் பட்டம் வென்றது 2018இல், 37 வயதில். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்றபோது அவருக்கு 39. அதே ஒலிம்பிக்கில் 61 கிலோவுக்கு மேற்பட்ட குமித்தேயில் (நேருக்கு நேர் மோதும் போட்டி) தங்கம் வென்ற எகிப்தின் ஃபெரியால் அப்தெல்அஜீஸ் அப்போது மருந்தியல் மாணவி, வயது 22. பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை, லாஸ் ஏஞ்சலிஸ் 2028லும் இல்லை. பதக்கக் கனவை நம்பிப் பாடப் புத்தகத்தை மூடுவது கட்டுப்படியாகாத கணக்கு.

போட்டியில் மாகாண அளவில் ஜெயிக்கும் பெண், ஷோடான் தேர்வில் திரும்பத் திரும்பத் தடுமாறுவதைப் பார்க்கிறோம். போட்டிக் களம் பழக்கிய உடம்புதான் காரணம். குமித்தேயில் நிலை குட்டை, பின்குதிகால் எப்போதும் தூக்கி இருக்கும், உடம்பு துள்ளிக்கொண்டே இருக்கும். தேர்வில் ஸென்குத்ஸு-தாச்சி என்ற முன்கால் நிலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு தோள் அகலம், குறுக்கே ஒரு தோள் அகலம், எடை முன்காலில் அறுபது விழுக்காடு, பின்குதிகால் தரையில். வீட்டுத் தரையில் மாஸ்கிங் டேப்பால் இந்த அளவை ஒட்டிவையுங்கள். முன்னே நடக்கும்போது பலருக்கு நீளம் சரியாக வரும், குறுக்ககலம்தான் சுருங்கும். இரண்டு காலும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்படி நின்று கியாக்கு-ஸுக்கி (பின்கைக் குத்து) குத்தினால் இடுப்பு திரும்ப இடமே இல்லை, குத்து தோளிலிருந்துதான் வரும். பின்கால் நிலையான கொக்குத்ஸு-தாச்சியில் எடை பின்காலில் எழுபது. ஷுத்தோ-உக்கே (கைவிளிம்புத் தடுப்பு) செய்யும்போது பின்முழங்கால் உள்ளே விழுகிறதா என்று பாருங்கள். தேர்வாளர் கண் முதலில் போவது அங்கேதான்.

அடுத்தது கை. போட்டியில் குத்திய கையை உடனே இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எதிராளி உள்ளே வந்துவிடுவாள். தேர்வில் கிமே (அடியின் முடிவில் உடம்பை இறுக்குவது) முடிந்தபின் அடுத்த எண் சொல்லும்வரை கைமுட்டி அங்கேயே நிற்க வேண்டும். பல வருஷத்துப் பழக்கம் ஒரு வாரத்தில் மாறாது. எட்டு வாரமாவது கிஹோனை, அதாவது அடிப்படைப் பயிற்சியை, போட்டிப் பயிற்சியிலிருந்து பிரித்து, வேறு நாளில் செய்யுங்கள். ஒரே மாலையில் இரண்டையும் கலந்தால் வேகமான பழக்கமே ஜெயிக்கும்.

யோக்கோ-கெரி, பக்கவாட்டு உதை, தனிக்கதை. களத்தில் யாரும் அதை அடிப்பதில்லை, அதனால் கால் மறந்துபோயிருக்கும். கெயாகெ மேல்நோக்கிச் சுண்டி எடுப்பது, கெகோமி நேராக உள்ளே தள்ளுவது. இரண்டையும் ஒன்றாக அடித்தால் மதிப்பெண் போகும். கெகோமியில் ஊன்றிய காலின் குதிகால் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் முழங்காலில் வலி வந்து சேரும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, காலுக்குப் பத்து வீதம், தினமும் செய்தால் போதும்.

காத்தாத் தேர்வில் பலர் என்பியை எடுக்கிறார்கள், 37 அசைவுதான், வேகமானது என்று. கடைசித் தாவலில் இறங்கும் கால் தடுமாறினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். கான்கு-தாய் 65 அசைவு, பாதியில் மூச்சு முட்டும். ஜியோன் 47, அடிப்படை அப்பட்டமாகத் தெரிவதால் தப்பை மறைக்க வழியில்லை. குமித்தேப் பெண்களுக்கு 42 அசைவுள்ள பஸ்ஸாய்-தாயையே சொல்வோம். இடுப்புப் பலம் இருப்பவர்களை அது காப்பாற்றும். கைபேசியை இடுப்பு உயரத்தில் வைத்துப் படமெடுங்கள். நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடினால் நிலை கலைகிறது என்று அர்த்தம். தொடக்கக் காத்தாக்களான ஹெயான் ஐந்தையும் தெக்கி ஷோடானையும் ஒதுக்கிவிடாதீர்கள், தேர்வாளர் எதையும் கேட்கலாம்.

ஒருவர் ஒரே முறை தாக்க, மற்றவர் தடுத்துத் திருப்பி அடிக்கும் ஜியு-இப்பொன் குமித்தேயில் இலக்கை வாய்விட்டுச் சொல்லித்தான் தாக்க வேண்டும். சொல்லிவிட்டுப் போக்குக் காட்டாதீர்கள். தாக்குதல் உண்மையில் எட்ட வேண்டும். ஒரு சாண் முன்னே நின்றுவிடும் குத்துக்குத் தடுப்பும் பொய்யாகிவிடும். தடுப்பவள் குத்து வருமுன்பே நகர்ந்துவிடுவது இன்னொரு வழக்கமான தப்பு.

பிரிலிம் நெருங்கியதும் வகுப்பை வாரம் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் 45 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அளவைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது. மெதுவாக இரண்டு மணி நேரம் ஆடுவதைவிட முழு வேகத்தில் இருபது நிமிடம் உடம்பைக் காக்கும். ஒன்று வேகத்துக்கு, ஒன்று காத்தாவுக்கு, ஒன்று ஒற்றைக்கால் ஸ்குவாட் போன்ற வலுவுக்கு. கணிதமும் பௌதிக அறிவியலும் தலா இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 150 மதிப்பெண். பழைய தாளைச் சனிக்கிழமை காலையில், நடுவில் இடத்தை விட்டு எழாமல், முழுதாக எழுதிப் பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்குப் போகலாம். பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் தேர்ச்சிக்கு நான்கு பாடத்தில் 50 விழுக்காடாவது வேண்டும். நல்ல துறைகள் அதற்கும் மேலே கேட்கும்.

இந்த நேரத்தில்தான் புரட்டாசியும் வருகிறது. விரதத்தால் விளையாட்டு கெடாது. அரிசியும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டால்தான் கெடும். 55 கிலோ பெண்ணுக்கு நாளுக்கு 80 கிராம் புரதத்துக்குக் குறையக் கூடாது. வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் 18, பீன்ஸ் கறிக்குப் போடும் சுகர் பீன்ஸ் ஒரு கப்பில் 15, உலர்ந்த சோயா மின்ஸ் 50 கிராமில் 25, பால் இரண்டு கப்பில் 16, வேர்க்கடலை 50 கிராமில் 13: கூட்டினால் 87 வருகிறது. கீரைக்கு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு டீ வேண்டாம். இரும்புச் சத்தை டீ தடுக்கிறது. மாதவிடாயோடு சோர்வு நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

எடையைப் பற்றி ஒரு கண்டிப்பு. பெரியவர் பிரிவுகள் 50, 55, 61, 68, அதற்கு மேல். 57 கிலோவில் நிற்கும் பிள்ளையைத் தேர்வுக் காலத்தில் 55க்கு இறக்கச் சொல்லும் சென்சேயிடம் (பயிற்றுநர்) அம்மா, அப்பா நேரில் போய்ப் பேச வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் முதலில் மங்குவது கவனம்.

பதினெட்டு ஆனதும் ஆட்ட நேரம் இரண்டு நிமிடத்திலிருந்து மூன்றாகிறது. ஜூனியரில் கடைசி இருபது வினாடியை சென்ஷுவை (முதல் புள்ளி எடுத்தவருக்குக் கிடைக்கும் முன்னுரிமை) வைத்துக்கொண்டு ஓட்டியவள், இங்கே மூன்றாவது நிமிடத்தில் கால் கனத்து ஜொகாயில் (களத்தை விட்டு வெளியேறுவது) எச்சரிக்கை வாங்குவாள். கடைசித் தாள் முடிந்ததும் ஒரு வாரம் ஓய்வு. பிறகு டிசம்பரில் வாரம் இரண்டு நாள், மூன்று நிமிடச் சுற்று நான்கு, இடையே இரண்டு நிமிட ஓய்வு. டர்பன் வெயிலில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றே கால் லிட்டருக்குக் குறையாமல், கொஞ்சம் உப்போடு, சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.