தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றால் தெரிவது

ஏரி பச்சையாகிவிட்டது என்றால் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன், அதுவும் வேலையாகவே. சில வருடங்கள் ஏரித் தண்ணீரில் மாதிரி எடுக்கும் குழு ஒன்றில் இருந்தேன். விடியற்காலையில் படகில் போய் வெவ்வேறு ஆழத்தில் தண்ணீர் எடுத்து, வெளிச்சம் படாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, மங்கலான அறையில் உட்கார்ந்து வடிகட்ட வேண்டும். வடிதாளில் தங்கும் பச்சையை வைத்துத்தான் பாசி எவ்வளவு என்று கணக்கிடுவோம். குளிர்ந்த மாதங்களில் ஒரு லிட்டர் ஊற்றினாலும் தாளில் லேசான சாயம்தான் இருக்கும். வெப்பமான மாதங்களில் நூறு மில்லி இறங்குவதற்குள் தாள் அடைத்துக்கொண்டு பெயின்ட் பூசியது போல ஆகிவிடும்.

"இவ்வளவு பச்சை எங்கிருந்துதான் வருது?" என்று ஒருநாள் கரையில் வைத்துக் குழுவில் மூத்தவரைக் கேட்டேன். "தண்ணிக்கு முதுகைக் காட்டிட்டு நில்லும்மா. எதிர்ல தெரியுதுல்ல, அங்கேர்ந்துதான்" என்றார். திரும்பினேன். உழுது போட்ட வயல், அதற்குப் பின்னால் மரம் வெட்டி வெறுமையாகிப்போன ஒரு சரிவு, சரிவின் மேல் புதிதாகப் போட்ட சாலை. மாதக்கணக்கில் அதே கரையில் படகு ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருநாள்கூட அந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எந்த ஏரியைப் பற்றிப் படித்தாலும் முதலில் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியின் வரைபடத்தைத் தேடுகிறேன். ஏரி எவ்வளவு பெரியது என்பதைவிட, எவ்வளவு நிலத்தின் மழை அதில் வந்து சேர்கிறது, அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்கு முக்கியமாகிவிட்டது.

நிலத்திலிருந்து ஆயிரம் பொருள்கள் வருகின்றனவே, அவற்றில் எது பாசியை வளர்க்கிறது? இந்தக் கேள்விக்கு வந்த பதில்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது கனடாவில் கிடைத்தது. ஒன்டாரியோவின் வடமேற்கில் 58 சிறு ஏரிகளை அப்படியே ஆய்வுக்கென்று 1968இல் ஒதுக்கினார்கள். சோதனைக் குழாயில் செய்வதை ஒரு முழு ஏரியில் செய்து பார்ப்பதுதான் நோக்கம். அந்தக் காலத்தில் பாசிக்குக் காரணம் கார்பன் என்று ஒரு தரப்பும், பாஸ்பரஸ் என்று இன்னொரு தரப்பும் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சலவைத்தூளில் பாஸ்பேட் நிறைய இருந்ததால் அதில் பெரிய வியாபாரமும் சம்பந்தப்பட்டிருந்தது. டேவிட் ஷின்ட்லரும் அவருடைய குழுவும் 226 என்று எண் கொடுக்கப்பட்ட ஏரியின் இடுப்பு போல ஒடுங்கிய இடத்தில் 1973இல் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். மறு பாதியில் அவை இரண்டோடு பாஸ்பரஸ். பாஸ்பரஸ் போட்ட பாதி சில வாரங்களிலேயே பச்சைக் குழம்பாகிவிட்டது, மற்ற பாதி அப்படியே கருநீலமாக இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அந்த ஒரு படம் கொடுத்த பலம் பெரியது.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் ஈரி ஏரியின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் எனக்குத் தெரிந்தது எல்லாம் ஒருமுறை தலைகீழானது. 1960களில் "செத்துப்போன ஏரி" என்று எழுதப்பட்ட ஏரி அது. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டன, கழிவுநீர் நிலையங்களைச் சரிசெய்தார்கள், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 11,000 டன் பாஸ்பரஸுக்கு மேல் ஏரிக்குள் போகக்கூடாது என்று இலக்கு வைத்து, அதை எட்டவும் செய்தார்கள். ஏரி தெளிந்தது, மீன்கள் திரும்பி வந்தன. மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்த முடியும் என்பதற்கு அதைத்தான் உதாரணமாகக் காட்டினோம். ஆனால் 1990களின் பிற்பகுதியில் பாசி மெல்லத் திரும்பியது. 2011இல் அதுவரை யாரும் பார்க்காத அளவுக்குப் பரவியது. 2014 ஆகஸ்டில் அந்த ஏரியின் கரையில் இருக்கும் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு தண்ணீரில் இருந்தது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் ஆவியாக ஆக நஞ்சின் செறிவு கூடத்தான் செய்யும்.

ஏன் திரும்பி வந்தது? மொத்த பாஸ்பரஸ் பழையபடி ஏறவில்லை, அதன் வடிவம்தான் மாறியிருந்தது. முன்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது இப்போது தண்ணீரில் கரைந்து வந்தது. கரைந்த பாஸ்பரஸைப் பாசி உடனே எடுத்துக்கொள்ளும். இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. மண் அரிப்பைத் தடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு அந்தப் பகுதி விவசாயிகள் நிலத்தை உழாமல் விதைக்கும் முறைக்கு மாறியிருந்தார்கள். மண் அரிப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் மேலாகத் தூவிய உரம் மண்ணோடு கலக்காமல் மேல்பரப்பிலேயே சேர்ந்தது. வயலுக்கு அடியில் பதித்த வடிகால் குழாய்கள் கரைந்ததை நேராக ஓடையில் கொண்டுபோய் விட்டன. இத்தனையும் இருந்தும் மழை பழைய மாதிரி பெய்திருந்தால் ஒருவேளை இவ்வளவு மோசமாகியிருக்காது. 2011 வசந்த காலத்தில் மழை கொட்டித் தீர்த்தது, உரம் போட்ட நிலத்தை அப்படியே கழுவி மௌமி ஆற்றின் வழியாக ஏரியில் சேர்த்தது, அதற்குப் பிறகு காற்றும் குறைந்து தண்ணீர் அதிகம் கலங்காமல் வெதுவெதுப்பாகக் கிடந்தது.

இப்போது சொல்லுங்கள், இது உரத்தின் குற்றமா, மழையின் குற்றமா? இந்தக் கேள்வியோடு சண்டை போடுகிறவர்களைக் கூட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். விவசாயத்தைக் காப்பாற்ற நினைப்பவர் பருவநிலையைக் கை காட்டுவார். பருவநிலையில் நம்பிக்கை இல்லாதவர் உரத்தைக் கை காட்டுவார். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே பிசகு. நிலத்தில் சேர்ந்திருப்பதைத்தான் மழை கொண்டுவர முடியும், மழை வலுத்தால்தான் சேர்ந்தது முழுக்க வெளியே வரும். இதைப் பெருக்கல் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்வேன். இரண்டில் ஒன்றைப் பாதியாக்கினாலும் விடை பாதியாகிவிடும். மழையை நாளைக்கே யாராலும் குறைக்க முடியாது, எந்த மாதத்தில் எவ்வளவு உரம் எப்படிப் போடுகிறோம் என்பதை மாற்ற முடியும். அதனால்தான் பருவநிலை மாறிக்கொண்டிருக்கும்போது நிலத்தைக் கவனிப்பது முன்பைவிட அவசரமாகிறது என்கிறேன்.

வெப்பம் தண்ணீருக்குள்ளே செய்கிற வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில் அதிகம், அதற்கு மேல் சூடாகச் சூடாகக் குறையும். ஆனால் ஒரே சீராகக் குறைவதில்லை. 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது வரும் வித்தியாசத்தைப் போல ஏறக்குறைய 30 மடங்கு வித்தியாசம் 24லிருந்து 25க்குப் போகும்போது வருகிறது. ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும் ஏரியில் ஒரு டிகிரி கூடினாலே மேல் தண்ணீருக்கும் கீழ்த் தண்ணீருக்கும் நடுவில் மூடி போட்டது போல ஆகிவிடும், காற்றால் கலக்க முடியாது. மூடிக்குக் கீழே மேலிருந்து விழும் செத்த பாசியை நுண்ணுயிர்கள் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், புதிதாக வர வழியும் கிடையாது. அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ் ஆக்சிஜன் இருக்கும்வரை அங்கேயே கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தப் பிணைப்பு விட்டுப்போய் தண்ணீருக்குள் வந்துவிடும். கிளிஃபர்ட் மோர்டிமர் என்ற ஏரி விஞ்ஞானி இதை 1941, 1942 ஆண்டுகளிலேயே விளக்கமாக எழுதிவிட்டார். முப்பது வருடங்களுக்கு முன்னால் வயலிலிருந்து வந்த உரம் இன்றைய வெப்பத்தில் மேலே வந்து இன்றைய பாசியை வளர்க்கிறது. கரையில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது, ஏரி மட்டும் ஏன் தெளியவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சேறுதான் பதில்.

கிட்டத்தட்ட 400 ஏரிகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியான ஆய்வு, 1980க்குப் பிறகு மேல் தண்ணீரில் ஆக்சிஜன் 5.5 சதவீதமும் ஆழத்தில் 18.6 சதவீதமும் குறைந்திருப்பதாகச் சொன்னது. அந்த இரண்டாவது எண்ணைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை. ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரை நம்பி வாழும் மீன்களுக்கு மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல். நடுவில் இருக்கும் இடம் வருடா வருடம் மெலிந்துகொண்டே போகிறது.

எல்லா ஏரியும் பச்சையாவதும் இல்லை. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மிக ஆழமானது, அதன் சத்து முழுக்க அடியில் இருக்கிறது. சூடு கூடியதால் கலப்பது குறைந்து சத்து மேலே வருவதும் குறைந்துவிட்டது, பாசி குறைந்தது, அதைத் தின்று வாழும் உயிர்களுக்கும் இரை குறைகிறது என்று 2003இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஒரே சூடு ஓர் ஏரியைக் கொழுக்க வைக்கிறது, இன்னொன்றைப் பட்டினி போடுகிறது. அந்தந்த ஏரியையும் அதன் நிலத்தையும் தனித்தனியாக உட்கார்ந்து படிப்பதற்குக் குறுக்கு வழி கிடையாது.

நிலம் எவ்வளவு பலமான சங்கதி என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஹப்பர்ட் புரூக் என்ற ஆய்வுக் காட்டில் நடந்த சோதனையைச் சொல்வேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1965ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சிறு நீர்ப்பிடிப்பு முழுக்க, 15.6 ஹெக்டேர், மரங்களை வெட்டி அங்கேயே கிடத்தினார்கள், திரும்ப முளைக்காமல் களைக்கொல்லியும் அடித்தார்கள். மரங்கள் உறிஞ்சி வெளியேற்றியிருக்க வேண்டிய தண்ணீர் முழுக்க ஓடைக்கு வந்தது. முதல் வருடத்திலேயே ஓட்டம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. அதைவிட முக்கியம், ஓடைத் தண்ணீரில் நைட்ரேட் குடிநீருக்கான வரம்பையே தாண்டியது. உரம் யாரும் போடவில்லை. வேர்கள் பிடித்து வைத்திருந்ததை மண் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ சலிக்காமல் அளந்திருக்கிறார்கள். ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் மிகயீல் கோழோவ் என்ற விஞ்ஞானி 1945இல் மாதிரி எடுக்கத் தொடங்கினார். வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை, குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்து. அவருக்குப் பிறகு மகள் ஓல்கா, அவருக்குப் பிறகு பேத்தி லியுபோவ். நாடே மாறிப்போன காலத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. மேல் தண்ணீர் 1946க்குப் பிறகு 1.2 டிகிரி சூடாகியிருக்கிறது என்று 2008இல் உலகத்துக்குச் சொல்ல முடிந்தது மூன்று தலைமுறையின் உழைப்பால். ஜப்பானின் சுவா ஏரி எப்போது உறைகிறது என்று கோயில் பூசாரிகள் 1443 முதல் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் 250 வருடங்களில் ஏரி உறையாத குளிர்காலங்கள் மூன்றுதான். 2005 முதல் 2014 வரையிலான பத்தே வருடங்களில் ஐந்து.

கனடாவின் அந்த 58 ஏரிகளுக்குக்கூட 2012இல் அரசு நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. பலர் சேர்ந்து போராடித்தான் 2014இல் வேறு நிர்வாகத்தின் கீழ் அது தொடர்ந்தது. நான் வேலை செய்த இடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பணம் நின்றது, படகு கரையில் கிடந்தது, நான்கு வருடங்கள் யாரும் மாதிரி எடுக்கவில்லை. அப்புறம் மறுபடி தொடங்கினார்கள். ஆனால் அந்த நான்கு வருடங்களுக்குள்தான் பெரிய மழை பெய்தது, மேட்டில் மிச்சமிருந்த மரங்களையும் வெட்டினார்கள். அளவுகளைக் காட்டும் வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் அறுந்து, வேறொரு உயரத்தில் மறுபடி தொடங்குகிறது. எது எப்போது என்ன செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒரு நல்ல செய்தி. எனக்கு முன்னால் இருந்தவர்கள் கையால் எழுதிய பழைய களக் குறிப்பேடுகள் தூக்கியெறியப்படாமல் கிடைத்திருக்கின்றன. மொத்தம் பதினொன்று. மாலை நேரங்களில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறேன். தண்ணீர் அளவுகளுக்குப் பக்கத்திலேயே ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதியிருக்கிறார்கள். "கிழக்குக் கரையில் உழவு தொடங்கியாச்சு." "மேட்டுச் சரிவுல மரம் வெட்டறாங்க." "ராத்திரி பலத்த மழை, ஓடை செம்மண் கலர்." அந்த ஓரக் குறிப்புகளுக்கென்று அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன். நான்காவது நோட்டு பாதி முடிந்திருக்கிறது.